விளையும் பயிர் முளையில் தெரியுமா?



இயற்கைத் திறமையா, முயற்சியா என்ற கேள்வியைக் கடந்த மாத உரையில் தொட்டுச் சென்றேன். நேரம் போதாமையால் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அதை எழுத்தில் விரிவாகத் தாருங்கள் என்று நேயர்கள் சிலர் கேட்டதற்கிணங்க இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஓர் அரங்கேற்றம் முடிந்து சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது எம்மவர் கதைப்பதைக் கவனித்திருப்பீர்கள். "அந்தப் பிள்ளைக்கு அது பிறவியிலேயே வந்தது" என்பார் ஒருவர். "எங்கட பெடியனுக்கு உதெல்லாம் ஏறாது" என்பார் பக்கத்தில் இருப்பவர். அதே இருவரும் தமிழ்ப் பாடசாலைப் பரிசளிப்பு விழா மேடையில் ஏறினால், முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை என்று பேசுவார்கள். மேசையில் ஒரு நியாயம், மேடையில் ஒரு நியாயம்.

இது வெறும் பேச்சாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுதத் தேவையில்லை. இந்தக் கேள்விக்கு நாம் மனத்துக்குள் வைத்திருக்கும் பதிலைக் கொண்டுதான் பிள்ளைகளின் பாதையைத் தீர்மானிக்கிறோம். ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதுப் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்றும் மற்றவன் என்றும் பிரித்தது. இங்கே மொன்றியலில் ஆறாம் வகுப்பு தொடங்கியவுடன், தனியார் உயர்நிலைப் பாடசாலைகளின் அனுமதிப் பரீட்சை வந்துவிடுகிறது. பிள்ளைக்குப் பதினொரு வயது. அந்தப் புள்ளியைப் பார்த்து, "இவனுக்கு மூளை இருக்கு, இவளுக்கு இல்லை" என்று வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்படுகிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று அதற்கு ஒரு பழமொழியும் கைவசம் இருக்கிறது. அந்தப் பழமொழி எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

எமது நகரத்துப் பிள்ளை

தூரம் போகத் தேவையில்லை. ஜோர்ஜ்-வனியே மெட்ரோவுக்கு அண்மையில், சென்-ஜாக் வீதியில், கட்டடம் ஒன்றின் சுவரில் பியானோ வாசிக்கும் ஒருவரின் பெரிய ஓவியம் உண்டு. அவர்தான் ஒஸ்கார் பீற்றர்சன். உலகின் தலைசிறந்த ஜாஸ் பியானோக் கலைஞர்களுள் ஒருவர். 1925 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி இந்த மொன்றியலிற் பிறந்து, லிற்றில் பேர்கண்டிப் பகுதியில் வளர்ந்தவர். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை டானியல், கனடிய பசிபிக் ரயில்வேயின் படுக்கைப் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் தொழிலாளி. அக்காலத்தில் இந்நகரின் கறுப்பின ஆண்களுக்குக் கிடைத்த வேலைகளிற் பெரும்பகுதி ரயிலோடு சம்பந்தப்பட்டதாகவே இருந்தது.

இந்தப் பிள்ளைக்கு இயற்கை கொடுத்தது கொஞ்சமல்ல. எந்தச் சுரத்தைக் கேட்டாலும் இன்ன சுரம் என்று உடனே சொல்லும் காது அவருக்கு இருந்தது. ஆகவே பிறவிக் கலைஞர் என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

டானியல் பீற்றர்சன் எவரிடமும் போய்ப் படிக்காமல் தாமாகவே இசை கற்றவர். தம் ஐந்து பிள்ளைகளும் இசை படிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வேலை நிமித்தம் அவர் நாட்கணக்கில் ரயிலில் போய்விடுவார். புறப்படும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்ன பாடம் என்று கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் இருத்தி வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவர் இல்லாத நாட்களில் மூத்த மகள் டெய்சி தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஒஸ்கார் முதலில் எக்காளமும் பியானோவும் சேர்த்தே பழகினார். ஏழு வயதில் காசநோய் வந்தது. நுரையீரல் தாங்காது என்பதால் எக்காளத்தை விட்டுப் பியானோவோடு நின்றார். பின்னர் போல் டி மார்க்கி என்ற ஹங்கேரிய ஆசிரியரிடம் முறையாகக் கற்றார். இளமையில் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை பயிற்சி செய்தார்.

பையனுக்குத் தலைக்கனம் ஏறுவதைக் கண்ட தந்தை ஒரு நாள் ஆர்ட் ரேற்றம் என்ற மேதையின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்க வைத்தார். இருவர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே ஒஸ்கார் நினைத்தார். ஒருவர்தான் என்று அறிந்ததும் அழுதார். பல நாட்கள் பியானோவைத் தொடவே இல்லை. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறவித் திறமை இருந்தவருக்கும் அப்படித் திரும்பி வந்து உட்கார வேண்டிய நாள் ஒன்று வந்தது என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

1949 ஆம் ஆண்டு நோர்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்க இசை நிகழ்ச்சி அமைப்பாளர் மொன்றியல் வந்திருந்தார். விமான நிலையம் போகும் வழியில், டாக்சி வானொலியில் ஒரு பியானோ வாசிப்பைக் கேட்டார். இசைத்தட்டு அல்ல, வின்ட்சர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அல்பேர்ட்டா லவுஞ்சிலிருந்து வரும் நேரடி ஒலிபரப்பு என்று சாரதி சொன்னதும் வண்டியைத் திருப்பச் சொன்னார். அதே ஆண்டு செப்ரெம்பரில் ஒஸ்கார் நியூயோர்க் கார்னகி மண்டப மேடையில் இருந்தார். வானொலிக்காரர்களாகிய எமக்கு இது பெருமை தரும் கதைதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த டாக்சியில் வானொலி மூடியிருந்தால்? வெற்றி என்று நாம் சொல்வதில் தற்செயலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அந்தப் பங்கு கொடியதாகவும் இருக்கலாம். ஒஸ்காரின் மூத்த அண்ணன் பிரெட் நன்றாகப் பியானோ வாசித்தவர். குடும்பத்தில் தம்மைவிட ஆற்றல் மிக்கவர் அவரே என்று ஒஸ்கார் பின்னாளில் சொல்லிவந்தார். பிரெட் இளவயதிலேயே காசநோயால் இறந்துவிட்டார். ஒரே வீடு, ஒரே தந்தை, ஒரே நோய். ஒருவர் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது, மற்றவர் பெயர் தெரியவில்லை.

முளையிற் தெரியாத பயிர்

அதே டெய்சி, திருமணத்தின் பின் டெய்சி சுவீனி, 2017 இல் தமது 97 ஆவது வயதில் மறையும் வரை இந்நகரத்தில் மதிக்கப்பட்ட ஓர் இசை ஆசிரியை. அவரிடம் எட்டு வயதிற் படிக்க வந்தவர் அயலில் வளர்ந்த ஒலிவர் ஜோன்ஸ். 1934 இற் பிறந்தவர். பன்னிரண்டு ஆண்டுகள் டெய்சியிடம் கற்றார். பின்னர் 1964 முதல் 1980 வரை போட்டோ ரீக்கோவில் ஒரு பாடகரின் குழுவுக்குப் பக்கவாத்தியமாக வாசித்துக் காலம் கழித்தார். ஜாஸ் உலகில் அவர் பெயர் பேசப்பட்டது அவர் மொன்றியலுக்குத் திரும்பிய பிறகு, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான். நாற்பத்தைந்து வயதில் அவரைப் பார்த்தவர்கள், வரவேண்டியது இவ்வளவு காலத்தில் வந்திருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒரே ஆசிரியையின் கையிலிருந்து இரண்டு பெரும் கலைஞர்கள். இந்தச் சிறிய பகுதியிலே இயற்கை தற்செயலாக இரண்டு மேதைகளைக் கொட்டிவிட்டதா? அல்லது அந்த ஆசிரியை, அந்தத் தேவாலயம், அந்த வீடுகள் சேர்ந்து ஏதோ செய்தனவா? இரண்டும் நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இயற்கையின் பங்கு எவ்வளவு?

இயற்கைக்குப் பங்கே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அது சரியல்ல. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இசபெல் பெரெற்ஸ் என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக இசையும் மூளையும் பற்றி ஆராய்ந்தவர். காது நன்றாகக் கேட்கும், படிப்பிலும் குறையில்லை, ஆனால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள சிறு வித்தியாசத்தைப் பிறவியிலிருந்தே பிரித்தறிய இயலாதவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதை அவருடைய குழு 2002 இல் எடுத்துக் காட்டியது. இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சி போதாது என்று கடிந்து கொள்வது அநியாயம்.

எங்கள் முத்தையா முரளிதரனைப் பாருங்கள். பிறவியிலிருந்தே முழங்கை முற்றாக நிமிராத கை, எந்தப் பக்கமும் வளையும் மணிக்கட்டு. 2010 இல் காலியில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். அந்தக் கையை எவரும் பயிற்சியால் வாங்க முடியாது. ஆனால் அதே கையோடு அவர் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பதின்நான்கு வயது வரை வேகப்பந்துதான் வீசிக் கொண்டிருந்தார். சுழற்பந்து வீசிப் பார் என்று சொன்னவர் அவருடைய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. இயற்கை கொடுத்தது உள்ளேயே கிடந்தது. இன்னொருவர் கண்ணிற் பட்ட பிறகுதான் அது வெளியே வந்தது.

பயிற்சி செய்வது என்ன?

இதற்கும் எமது நகரமே சாட்சி சொல்கிறது. மொன்றியல் நரம்பியல் நிறுவகத்தைச் சேர்ந்த பிரெண்டா மில்னர், அமெரிக்காவிலிருந்த ஹென்றி மொலைசன் என்ற நோயாளியை ஆராய்ந்தார். வலிப்புக்காக 1953 இற் செய்யப்பட்ட மூளைச் சத்திரசிகிச்சைக்குப் பின் அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்பதில்லை. காலையில் சந்தித்தவரைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவார். மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் கோட்டின் வழியே பென்சிலால் வரையச் சொன்னார். எவருக்கும் முதலிற் கை தடுமாறும் வேலை அது. மூன்று நாட்கள் திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு நாளும் இதற்கு முன் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. ஆனால் மூன்றாம் நாள் கை சுத்தமாக வரைந்தது.

1962 இல் மில்னர் வெளியிட்ட இந்த முடிவு மூளை பற்றிய அறிவையே மாற்றியது. நினைவில் வைப்பது வேறு, கை பழகுவது வேறு, இரண்டும் மூளையில் வெவ்வேறு வழியால் நடக்கின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. எமது பெற்றோருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. "சொல்லிக் கொடுத்தது விளங்கினதோ?" என்று கேட்டு, "ஓம்" என்று பிள்ளை சொன்னதும் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. விளங்கியது தலைக்கு. கைக்கும் நாவுக்கும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

எவ்வளவு செய்ய வேண்டும்? பத்தாயிரம் மணித்தியாலம் என்ற கணக்கைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவில் வளர்ந்த எழுத்தாளர் மல்கம் கிளாட்வெல் 2008 இல் வெளியிட்ட நூலால் அது பிரபலமாயிற்று. அதன் மூலம், அன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் பேர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களிடம் நடத்தி 1993 இல் வெளியிட்ட ஆய்வு. மிகச் சிறந்த மாணவர்கள் பதினெட்டு வயதுக்குள் சராசரியாக 7,400 மணித்தியாலம் தனியே பயிற்சி செய்திருந்தனர். இசை ஆசிரியராக வரப் படித்தவர்கள் ஏறக்குறைய 3,400 மணித்தியாலமே செய்திருந்தனர். இருபது வயதாகும்போது சிறந்தவர்களின் சராசரி பத்தாயிரத்தைத் தொட்டது.

சராசரி என்றால் சிலர் கூட, சிலர் குறைய. அந்த எண்ணைத் தொட்டால் எவரும் மேதையாகலாம் என்று தாம் சொல்லவே இல்லை என எரிக்சனே பின்னர் விளக்க நேர்ந்தது. ஆர்ஜென்ரீனாவில் சதுரங்க ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவுகளைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். அதே மாஸ்ரர் தரத்தை அடைய ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 மணித்தியாலம் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணித்தியாலத்துக்கும் மேல் வேண்டியிருந்தது. இயற்கைத் திறமை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அது வழியைக் குறுக்குகிறது. ஆனால் 3,000 மணித்தியாலக்காரரும் அந்த 3,000 ஐ நடந்தே தீர வேண்டும்.

எரிக்சன் மணிக்கணக்கைவிட பயிற்சியின் வகையையே வலியுறுத்தினார். வரும் பாட்டையே திரும்பத் திரும்ப வாசிப்பது பயிற்சியாகாது. வராத இடத்தைப் பிரித்தெடுத்து, மெதுவாகச் செய்து, பிழையைச் சொல்ல ஒருவர் பக்கத்திலிருந்து, திருத்தித் திருத்திச் செய்வதே பயிற்சி. அது களைப்புத் தருவது. பேர்லினின் சிறந்த மாணவர்கள் அதைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துச் செய்தார்கள். மற்றவர்களைவிடக் கூடுதலாக நித்திரையும் கொண்டார்கள். இரவு பதினொரு மணி வரை பிள்ளையை மேசையில் இருத்தி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திறமை போலத் தோன்றும் வயது

நாம் திறமை என்று காண்பது சிலவேளை திறமையே அல்ல. கனடாவின் ஹொக்கி இதற்கு நல்ல உதாரணம். ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1980 களில் முதல்தர இளைஞர் ஹொக்கி வீரர்களின் பிறந்த திகதிகளை ஆராய்ந்தார்கள். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களிற் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். ஆண்டின் கடைசி மூன்று மாதங்களிற் பிறந்தவர்கள் மிகக் குறைவு. காரணம் சாதகமல்ல. சிறுவர் ஹொக்கியில் ஜனவரி முதலாம் திகதியைக் கொண்டு வயது பிரிக்கிறார்கள். ஜனவரியிற் பிறந்த எட்டு வயதுப் பிள்ளை, டிசம்பரிற் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தது, ஆகவே பெரிது. அதைத் திறமை என்று எண்ணித் தெரிவு செய்கிறார்கள். தெரிவானவனுக்கு நல்ல பயிற்றுநர், கூடுதல் பனித்தள நேரம், கூடுதல் ஆட்டங்கள். சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். விடப்பட்டவன் வீட்டுக்குப் போய்விடுகிறான்.

கியூபெக் பாடசாலைகளில் வயதெல்லை செப்ரெம்பர் 30. செப்ரெம்பரிற் பிறந்த உங்கள் பிள்ளை, முந்திய ஒக்ரோபரிற் பிறந்த பிள்ளையோடு ஒரே வகுப்பில் இருக்கிறது. ஆறு வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி. "பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்குது, எங்கட பிள்ளை இன்னும் தடுமாறுது" என்று கவலைப்படுமுன் இருவரின் பிறந்த மாதத்தையும் ஒருக்கால் பாருங்கள். முளையிற் தெரிவது சிலவேளை விதைத்த திகதி மட்டுமே.

வீட்டின் பங்கு

திறமையா முயற்சியா என்று கேட்கும்போது, முயற்சி என்பது பிள்ளை தனியே செய்ய வேண்டிய காரியம் போல நினைத்துவிடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு விடாமுயற்சி தானாக வருவதில்லை. ஒஸ்காரின் முயற்சியைத் தாங்கி நின்றவர்கள் பாடம் கொடுத்துவிட்டு ரயிலேறிய தந்தையும் பக்கத்திலிருந்து திருத்திய அக்காவுமே. வீடு ஏற்பாடு செய்து கொடுத்ததைப் பிள்ளை செய்தது.

எங்களுக்கு நேரமில்லை என்பீர்கள். உண்மைதான். எம்மவரில் எத்தனை பேர் பகலில் தொழிற்சாலை, இரவில் உணவகம் என்று இரண்டு வேலை செய்கிறார்கள் என்பது தெரியும். டானியல் பீற்றர்சன் வீட்டில் இருந்த நாட்களும் குறைவுதான். அவர் செய்தது இரண்டு காரியங்கள். போகும்போது இன்னது செய் என்று திட்டமாகச் சொன்னார். வந்ததும் மறக்காமற் கேட்டார். வகுப்புக்குப் பணம் கட்டி, வாசலில் இறக்கிவிட்டு, ஆண்டு முடிவில் மேடையிற் பார்ப்பதைவிட, வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் பக்கத்திலிருந்து கேட்பது கூடப் பயன் தரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முயன்றால் எதுவும் முடியும் என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் முடியாமற் போன பிள்ளைக்கு அதன் பொருள், "நீ முயலவில்லை" என்பதாகும். உயிரைக் கொடுத்துப் படித்தும் அந்தப் பாடசாலையில் இடம் கிடைக்காத பிள்ளையிடம் இதைச் சொல்லாதீர்கள். ஒரே உழைப்புக்கு எல்லோருக்கும் ஒரே விளைவு வராது. ஆனால் நல்ல வழியில் உழைத்தால் நேற்றைய நிலையிலிருந்து ஓரடி முன்னே போகலாம். பிள்ளைக்கு நாம் நேர்மையாகக் கொடுக்கக்கூடிய வாக்குறுதி அதுதான்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இந்த விடயத்தைப் பற்றியே பேசுகிறது. படம் வரைவதும், மொழி வளமும், கல்வியும் பழக்கத்தால் வருபவை என்கிறது. பிறவியோடு வருபவை என்று அது ஒதுக்கி வைப்பது நட்பையும் கொடையையும் போன்ற நற்குணங்களைத்தான். நாமோ கணக்கையும் சங்கீதத்தையும் பிறவி என்கிறோம். "நல்ல குணம் தானாக வரும், வளர வளரச் சரிவரும்" என்று மற்றதை விட்டுவிடுகிறோம்.

ஒஸ்கார் பீற்றர்சனுக்கு 1993 இற் பக்கவாதம் வந்து இடது கை பலம் இழந்தது. அறுபத்தேழு வயது. உலகப் புகழ் ஏற்கெனவே கையில் இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளின் பின் அவர் மீண்டும் மேடையேறினார். இடது கை முன்போல வரவில்லை. வலது கையின் பலத்தோடு 2007 இல் மறையும் ஆண்டுக்குச் சற்று முன்பு வரை வாசித்தார்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ, "எனக்கு இது வராது" என்று சொன்னால், "இன்னும் வரவில்லை" என்று திருத்திவிட்டு, எந்த இடம் வரவில்லை என்று கேளுங்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் அன்றைக்குச் சேர்ந்து செய்யுங்கள்.